விளையாட்டு விட்டுவைத்த இடத்தில் எழுதப்படும் நாவல்

1998ஆம் ஆண்டு மே மாதத்தில், பெரும்பகுதி வேலை முடிந்திருந்த ஒரு கணினி விளையாட்டைக் கைவிடுவதாக பிளிசார்ட் நிறுவனம் அறிவித்தது. மனிதர்களின் கோட்டையில் அடிமையாக வளர்க்கப்பட்ட ஓர்க் என்ற கற்பனை இனத்தைச் சேர்ந்த த்ரால் என்னும் இளைஞன், அங்கிருந்து தப்பித் தன் இனத்தாரைத் தேடிப் போகும் கதை அது. கையால் வரைந்த காட்சிகளும் குரல்பதிவுகளும் தயாராகியிருந்தும், வெளியாகும் நாளில் அது பழைய பாணி விளையாட்டாகவே தெரியும் என்று நிறுவனத்தாருக்குப் பட்டுவிட்டது. விளையாட்டு போயிற்று; த்ரால் போகவில்லை. வார்கிராஃப்ட் உலகின் அடுத்த பெரிய விளையாட்டில் அவன் ஓர்க்குகளின் தலைவனாக வந்து நின்றாக வேண்டும், ஆனால் அவன் எப்படித் தலைவனானான் என்பதைச் சொல்ல வேண்டிய விளையாட்டோ குப்பைக்குப் போய்விட்டது. அந்த வேலை கிறிஸ்டி கோல்டன் என்ற நாவலாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. 'லார்ட் ஆஃப் த கிளான்ஸ்' 2001இல் நாவலாக வெளிவந்தது. 2002இல் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகம் வந்தபோது த்ரால் தலைவனாகவே அறிமுகமானான். 2007இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் முதல் விரிவாக்கத் தொகுப்பில், ஆட்டக்காரர்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்று, டர்ன்ஹோல்ட் கோட்டையிலிருந்து த்ரால் தப்பிக்க உதவும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. கைவிட்ட விளையாட்டு நாவலாகி, அந்த நாவல் ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் விளையாட்டானது.

விளையாட்டுகளைச் சார்ந்து எழுதப்படும் இவ்வகை நாவல்களை டை-இன் நாவல்கள் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் சார்பு நாவல்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். திரையில் நடந்ததைத் தாளில் திருப்பிச் சொல்வதுதான் இவற்றின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாவல்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வாசகர் நினைவில் தங்குபவை அவையல்ல. த்ராலின் கதையில் நடந்ததைப் போல, விளையாட்டு சொல்லாமல் விட்டதைச் சொல்லும் நாவல்களே நிலைத்திருக்கின்றன. ஆகவே, சார்பு நாவல் எழுத வருபவரின் முதல் வேலை கதையைக் கண்டுபிடிப்பதல்ல, விளையாட்டு இன்னும் எதையும் தீர்மானிக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது. அந்த இடம் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு அகலம், எவ்வளவு காலத்துக்கு அது எழுத்தாளரின் கையில் இருக்கும் என்பவற்றைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது.

தொடக்ககாலத்தில் அந்த இடம் மிகப் பெரிதாக இருந்தது, ஏனென்றால் விளையாட்டால் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. 1984இல் எலைட் என்ற விண்வெளி விளையாட்டை ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய ஒரு குறுநாவலோடு சேர்த்தே பெட்டியில் வைத்து விற்றார்கள். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் விண்கலங்களை வெறும் கோடுகளால் வரைந்து காட்டத்தான் முடிந்தது. அந்தக் கலத்தை ஓட்டுபவன் யார், எதற்காக ஓட்டுகிறான் என்பதை அச்சிட்ட தாள் சொன்னது. மிகுபுனைவுப் பக்கத்தில், 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் என்ற விளையாட்டு அடுத்த ஆண்டே அதே பெயரில் நாவலானது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது: ரேமண்ட் ஃபெய்ஸ்ட் தன் நாவல்களில் உருவாக்கிய உலகை வைத்து வேறு சிலர் 1993இல் பிட்ரேயல் அட் க்ரோண்டோர் என்ற விளையாட்டைச் செய்தார்கள், 1998இல் ஃபெய்ஸ்டே அந்த விளையாட்டின் கதையை நாவலாக எழுதினார்.

விளையாட்டுகள் வளர வளர, நினைவகப் பற்றாக்குறை தீர்ந்தது. வேறொரு சிக்கல் முளைத்தது. திரைப்படத்தைச் சார்ந்து நாவல் எழுதுபவருக்கு முடிந்துபோன ஒரு கதை கையில் இருக்கிறது. விளையாட்டைச் சார்ந்து எழுதுபவருக்கு அது கிடையாது, ஏனென்றால் விளையாட்டின் கடந்தகாலம் ஒன்றல்ல. 1994இல் வந்த முதல் வார்கிராஃப்டை மனிதர் பக்கமிருந்தும் ஆடலாம், ஓர்க் பக்கமிருந்தும் ஆடலாம். எந்தப் பக்கம் ஆடி முடித்தாலும் அந்தப் பக்கம்தான் போரில் வென்றதாக முடியும். 1995இல் இரண்டாம் பாகம் செய்ய வேண்டி வந்தபோது, ஓர்க்குகள் வென்றார்கள், மனிதர்களின் ஸ்டார்ம்விண்ட் நகரம் வீழ்ந்தது என்று நிறுவனமே தீர்மானித்துக்கொண்டது. மனிதர் பக்கம் ஆடி வென்ற அத்தனை பேருடைய வெற்றியும் அந்த ஒரு முடிவால் நடவாததாயிற்று. தமிழின் இறந்தகால வினைமுற்று எவ்வளவு கறாரானதோ அவ்வளவு கறாரானது நாவல்: 'வென்றான்' என்று எழுதிவிட்டால் வென்றான்தான். விளையாட்டின் இலக்கணமோ 'வெல்லலாம்' என்பது. சார்பு நாவல் எழுதுபவருடைய தொல்லைகளில் பாதி இந்த இரண்டு வினைமுற்றுகளுக்கு இடையில் கிடக்கிறது.

இந்தத் தொல்லையை நேருக்கு நேர் மோதிப் பார்த்தது பால்டர்ஸ் கேட் நாவல். 1998இன் இறுதியில் வெளியான அந்த விளையாட்டில் கதாநாயகனுக்கு நிறுவனம் பெயர் வைக்கவில்லை. ஆணா பெண்ணா, எந்த இனம், வாள்வீரனா மந்திரவாதியா, நல்லவனா கொடியவனா என்பதையெல்லாம் ஆட்டக்காரரே தேர்ந்தெடுத்தார். 1999இல் பிலிப் ஏத்தன்ஸ் எழுதிய நாவலில் அந்த வெற்றிடத்துக்கு ஏப்டெல் ஏட்ரியன் என்ற பெயரும், கூலிப்படை வீரனின் கட்டுமஸ்தான உடலும், சட்டென்று வாளை உருவும் குணமும் கிடைத்தன. நூறு மணிநேரம் தன் கற்பனையில் ஒருத்தியையோ ஒருவனையோ வளர்த்த ஆட்டக்காரருக்கு, அந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வந்த எரிச்சல் இன்றுவரை தணியவில்லை. நாவலின் குறைகள் வேறு பல இருக்கலாம். ஆனால் அதைவிட நன்றாக எழுதியிருந்தாலும் அந்த எரிச்சல் வந்தே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆட்டக்காரரின் நாற்காலியில் நாவலாசிரியர் ஆளை உட்காரவைக்கக் கூடாது. அந்த ஏப்டெல்லையே அதிகாரபூர்வ வரலாறாக ஏற்றுக்கொண்ட உரிமையாளர்கள், அந்த விளையாட்டுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுக்காக 2013இல் வெளியிட்ட ஒரு சாகசத் தொகுப்பின் தொடக்கத்திலேயே அவனைக் கொன்று கதையிலிருந்து அகற்றினார்கள்.

டிராகன் ஏஜ் வரிசையில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2009 நவம்பரில் வெளியான முதல் விளையாட்டில் வின் என்ற வயதான மந்திரவாதி துணைப் பாத்திரமாக வருகிறாள். ஆட்டக்காரர் எடுக்கும் சில முடிவுகளால் அவள் அந்த விளையாட்டிலேயே இறந்துபோகக்கூடும். அந்த விளையாட்டின் தலைமைக் கதாசிரியர் டேவிட் கெய்டர் 2011இல் எழுதிய 'அசண்டர்' நாவலிலோ அவள் உயிரோடு, முக்கியப் பாத்திரமாக நடமாடுகிறாள். அவளைத் தன் கையாலேயே கொன்ற ஆட்டக்காரர் அந்த நாவலை எப்படி வாசிப்பது? தொடரின் விளையாட்டுகள் இதற்கு ஒரு தொழில்நுட்ப விடையைக் கண்டுபிடித்தன: 2014இல் டிராகன் ஏஜ் கீப் என்ற இணையவழிக் கருவியில், பழைய விளையாட்டுகளில் யார் இறந்தார், யார் அரியணை ஏறினார் என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் பதிந்து அடுத்த விளையாட்டுக்குக் கொண்டுபோகலாம். நாவலுக்கு அப்படியொரு கருவி இல்லை. அச்சில் ஏறிய நாவலில் எல்லா வாசகருக்கும் ஒரே வின்தான்.

இத்தகைய சிக்கலைத் தவிர்க்க, எழுத வந்தவர்கள், கெய்டரேயும்கூட, பாதுகாப்பான இடங்களைத் தேடினார்கள். எளிதில் கிடைக்கும் இடம் முன்காலம். கெய்டரின் முதல் நாவலான 'த ஸ்டோலன் த்ரோன்' விளையாட்டு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2009 மார்ச்சில் வெளியானது. அந்நியர் பிடித்துக்கொண்ட நாட்டை மாரிக் என்ற இளவரசன் மீட்ட கதையை, விளையாட்டு தொடங்குவதற்கு ஒரு தலைமுறை முன்னால் வைத்துச் சொல்கிறது. அவனுக்குத் தோள்கொடுக்கும் நண்பன் லோகெய்ன். விளையாட்டின் தொடக்கத்தில் மாரிக்கின் மகனைப் போர்க்களத்தில் கைவிட்டுப் படையோடு பின்வாங்கும் துரோகியும் அதே லோகெய்ன்தான். விளையாட்டை மட்டும் ஆடியவருக்கு அவன் வில்லன். நாவலையும் வாசித்தவருக்கு, அந்த நாட்டுக்காக எதையெல்லாம் இழந்தவன் அவன் என்பது தெரியும். அவனைத் தண்டிப்பதா மன்னித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வதா என்ற முடிவு விளையாட்டின் இறுதியில் ஆட்டக்காரரிடம் வரும்போது, நாவல் அந்த முடிவைத் தொடவில்லை, அதன் எடையை மட்டும் கூட்டியிருக்கிறது. சார்பு நாவல் ஒரு விளையாட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது இடம், விளையாட்டுகளுக்கு நடுவிலுள்ள ஆண்டுகள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2006இல் வந்த ஆப்லிவியனுக்கும் 2011இல் வந்த ஸ்கைரிமுக்கும் இடையே, கதையின் கணக்கில் இருநூறு ஆண்டுகள். கிரெக் கீஸ் எழுதிய இரண்டு நாவல்கள், 2009இலும் 2011இலும் வந்தவை, ஆப்லிவியனின் சம்பவங்களுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கின்றன. அம்ப்ரியல் என்ற மிதக்கும் நகரம் வானில் நகர்ந்து வருகிறது; அதன் நிழல் விழுந்த ஊர்களில் மக்கள் செத்து, செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இதுவரை எந்த விளையாட்டிலும் இருக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் கீஸின் கதாநாயகியான இளம்பெண் அனாயிக் அந்த நகரத்துக்குள் போனதும் கொண்டுபோய்ச் சேர்க்கப்படுவது சமையலறையில். அங்கே உயிர்களின் ஆன்மாவிலிருந்து பிரபுக்களுக்கு விருந்து தயாராகிறது. ஒரு சமையல்கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் கொலைவெறிப் பகை. புதுச்சுவையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளே உயிர்தப்புவாள். வாளும் குகையுமாக அலையவைக்கும் விளையாட்டு ஒருபோதும் எட்டிப்பார்க்காத அறை அது. விளையாட்டில் சமையல் என்பது நாலு பொருளைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்துவது. நாவலில் அது ஒரு முழு அரசியல். காலத்தில் மட்டுமல்லாமல் கட்டடத்துக்குள்ளும் காலியிடம் தேடத் தெரிந்தவர் கீஸ்.

மூன்றாவது இடம் ஆபத்தானது: ஆட்டக்காரர் திறக்கப்போகும் கதவுக்கு ஓரடி முன்னால். 2014இல் பேட்ரிக் வீக்ஸ் எழுதிய 'த மாஸ்க்ட் எம்பயர்' நாவலில், ஒரு பேரரசி, அவளுடைய காதலியான எல்ஃப் இனப் பெண், அரியணைக்குப் போட்டியிடும் உறவினன் ஆகிய மூவரும் உள்நாட்டுப் போரை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். நாவல் போரை முடித்துவைக்காமல் நின்றுவிடுகிறது, காரணம் அதே ஆண்டு இறுதியில் வந்த டிராகன் ஏஜ் இன்குவிசிஷனில், ஓர் அரண்மனை விருந்தில், அந்த மூவரில் யாருடைய கை ஓங்க வேண்டும் என்பதை ஆட்டக்காரர்தான் முடிவுசெய்கிறார். தனியாக வாசித்தால் முடிவு பாதியில் அறுந்தாற்போல் தோன்றும். அந்த விருந்துக்குப் போனவருக்கு அது குறையாகத் தோன்றாது. அந்நாவல் இன்னொன்றும் செய்தது. ஒரு கண்ணாடிக்குள் நுழைந்து இன்னொரு கண்ணாடி வழியாக வெகுதொலைவில் வெளியேறும் பழங்காலக் கண்ணாடிகளின் வலைப்பின்னலை அது கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தது. 2015இல் வந்த டிரெஸ்பாஸர் என்ற கூடுதல் பகுதி முழுக்க அந்தக் கண்ணாடிகளின் மேல்தான் நடக்கிறது.

கெய்டரும் வீக்ஸும் டிராகன் ஏஜை உருவாக்கிய நிறுவனத்தின் உள்ளேயே வேலைபார்த்தவர்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு எழுதுபவர்களின் நிலை வேறு. விளையாட்டு நிறுவனம் ஒரு பதிப்பகத்துக்கு உரிமம் தருகிறது, பதிப்பகம் எழுத்தாளரை அமர்த்துகிறது, எழுத்தாளரிடம் உலகத்தின் வரலாறு, வரைபடம், பெயர்ப்பட்டியல் எல்லாம் அடங்கிய ஓர் ஆவணம் கொடுக்கப்படுகிறது. அதை 'பைபிள்' என்றே இத்துறையில் அழைக்கிறார்கள். முதலில் சில பத்திகளில் கதைக்கரு, பிறகு அத்தியாயவாரியாகக் கதைச்சுருக்கம், அதற்குப் பிறகே கைப்பிரதி. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இந்த வரிசையில் எழுத்தாளர் கவனமாக இருக்க வேண்டியது கதைச்சுருக்கத்தில்தான். கைப்பிரதியில் ஒரு பாத்திரத்தை மாற்றச் சொன்னால் நூறு பக்கம் வீணாகும்; சுருக்கத்தில் சொன்னால் ஒரு மாலை வேலை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சுருக்கத்தையே முப்பது நாற்பது பக்கத்துக்கு நீட்டி எழுதுகிறார்கள், யார் எந்த ஆயுதத்தால் சாகிறான் என்பதுவரை. இதற்கிடையில் விளையாட்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆவணத்தில் உயிரோடிருக்கும் மன்னன், நாவல் பாதி எழுதி முடிந்த கட்டத்தில், வடிவமைப்பாளர்களின் ஏதோ ஒரு கூட்டத்தில் செத்துப்போயிருப்பான்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: எழுதியவருக்கு அல்ல. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'வேலைக்காகச் செய்யப்பட்ட படைப்பு' என்றொரு வகை உண்டு. அந்த வகையில் அடங்கும் படைப்பின் ஆசிரியராகச் சட்டம் கருதுவது வேலை கொடுத்தவரைத்தான்; பேனா பிடித்தவரை அல்ல. பிற எழுத்தாளர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாங்கள் எழுதிக்கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற அச்சட்டம் வழிவைத்திருக்கிறது, இவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. சார்பு நாவலில் நீங்கள் உருவாக்கும் புதுப் பாத்திரமும் நிறுவனத்தின் சொத்தே. நாளை அவள் விளையாட்டில் வந்தாலும், பொம்மையாக விற்கப்பட்டாலும் ஒப்பந்தத்தில் எழுதியது மட்டுந்தான் கிடைக்கும். உலகத்தை முதலில் படைத்தவராக இருந்தால் பேரம் பேசும் பலம் வேறு. விட்சர் கதைகளை எழுதிய போலந்து எழுத்தாளர் ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி, விளையாட்டு உரிமையை ஒருமுறைத் தொகைக்குக் கொடுத்துவிட்டு, விளையாட்டுகள் உலகப்புகழ் பெற்ற பிறகு, 2018இல் குறைந்தது ஆறு கோடி ஸ்வாட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார். 2019 டிசம்பரில் இரு தரப்பும் புது ஒப்பந்தம் செய்துகொண்டன. சார்பு நாவலாசிரியர் யாரும் அப்படியொரு கடிதத்தை அனுப்பிப் பயனில்லை.

இனி எழுத்துமேசைக்கு வருவோம். விளையாட்டின் சண்டையை உரைநடையில் எழுதும்போது முதலில் உதிர்ந்துபோவது எண்கள். திரையில் ஒரு வைத்தியப்பெண்ணின் தலைக்குமேல் நீலப் பட்டையொன்று இருக்கும். மந்திரம் சொல்லச்சொல்ல அது குறையும். அதை அப்படியே எழுத முடியாது. எழுதக்கூடியது இப்படி இருக்கும்: 'மூன்றாவது காயத்தை மூடியபோது அவள் விரல்நுனிகள் மரத்துவிட்டன. நான்காமவன் அவள் பெயரைச் சொல்லி முனகினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயில் கசந்த எச்சிலை விழுங்கி, மூச்சு திரும்பும்வரை அவன் பக்கம் பார்க்காமல் நின்றாள்.' நீலப் பட்டை பாதிக்குக் கீழே போய்விட்டது என்ற செய்தி இதில் இருக்கிறது. அதோடு, நான்காமவனைப் பார்க்காமல் நிற்கும் குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. அந்தக் குற்ற உணர்வு எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஆனால் விதிப்புத்தகத்தை மறந்தாலும் தப்பமுடியாது. ஆட்டக்காரராகிய வாசகர் எண்ணிக்கொண்டே வாசிப்பார். மூன்று காயத்துக்கே களைத்தவள் அடுத்த அத்தியாயத்தில் ஏழு பேரைக் குணப்படுத்தினால், அது பிழை. அவள் குலத்தாருக்குக் கைவராத தீ மந்திரத்தை அவள் பயன்படுத்தினால், அது பெரும்பிழை. ஒப்புதல் தருபவரின் ஓரக்குறிப்பு அங்கே நிச்சயம் விழும்.

எண்களைவிடக் கடினமானது மரணம். விளையாட்டில் சாவு என்பது சிறு தாமதம். எழுந்து மறுபடியும் ஓடலாம். செத்தவர்கள் எல்லாம் எழுந்துவருவார்கள் என்றால் நாவலில் யாருக்காகவும் அழ முடியாது. டிராகன் ஏஜ் உலகை வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்: அங்கே எவ்வளவு வல்ல மந்திரமும் செத்தவரைத் திருப்பிக் கொண்டுவராது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் ஆளைக் கடத்தாது என்று மந்திரத்தின் அடிப்படை விதிகளாகவே வைத்துவிட்டார்கள். கண்ணாடிகளின் வலைப்பின்னல் அந்த உலகில் அவ்வளவு பெரிய செய்தியானதற்கு இந்த இரண்டாவது தடையே காரணம். இத்தகைய தடைகள் இல்லாத உலகங்களில், ஆட்டக்காரர் உயிர்த்தெழுவதை விளையாட்டின் வசதி என்றும், கதாபாத்திரம் சாவதை உண்மை என்றும் பிரித்து எழுதிவிட்டு, வாசகர் அதைக் கேள்வி கேட்கமாட்டார் என்று நம்ப வேண்டியிருக்கிறது. பொதுவாக அவர் கேட்பதில்லை. தூரமும் அப்படித்தான்: திரையில் சில நிமிடங்களில் குதிரையில் கடக்கும் நாட்டை நாவலில் கடக்கப் பல நாள் பிடிக்கும், அதற்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

குதிரை என்றதும் ஆர்த்தஸின் குதிரை நினைவுக்கு வருகிறது. வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தில், தீமைக்கு இரையாகிப் பிணப்படைக்குத் தலைமைதாங்கும் இளவரசன் ஆர்த்தஸ், எலும்பும் தோலுமான ஒரு குதிரையின்மேல் வருகிறான். மேலிருந்து பார்க்கும் அந்த விளையாட்டில் அது கட்டைவிரல் அகலமுள்ள ஓர் உருவம். கிறிஸ்டி கோல்டன் 2009இல் எழுதிய 'ஆர்த்தஸ்' நாவலில் அந்தக் குதிரைக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது. சிறுவன் ஆர்த்தஸ் ஒரு பண்ணையில் அது பிறப்பதைப் பார்க்கிறான், வெல்லமுடியாதவன் என்ற பொருளில் இன்வின்சிபிள் என்று பெயர் வைக்கிறான், அதன்மேல் சவாரி செய்கிறான். ஒரு குளிர்காலத்தில், தாண்டக்கூடாத இடத்தில் அதைத் தாண்டவைக்கிறான். முன்னங்கால்கள் முறிந்து விழுந்த குதிரையைத் தன் வாளாலேயே கொல்ல வேண்டிவருகிறது. தன் மக்களைக் காப்பாற்ற எதையும் செய்யலாம் என்று பின்னால் அவன் துணிவதும், கொன்றதைப் பிணமாகத் திருப்பி எழுப்பிக்கொள்வதும் இந்தப் பனிக்காலத்துக்குப் பிறகு வேறு பொருள் பெறுகின்றன. விளையாட்டில் அவன் செய்த எதையும் கோல்டன் மாற்றவில்லை. கட்டைவிரல் அகல உருவத்தைப் பார்த்து 'அது யாருடைய குதிரை, எப்படிச் செத்தது' என்று கேட்டார், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம், நாவல் எடுத்துக்கொள்ளக் கூடாததை எடுத்துக்கொள்ளும்போது தெரியும். 2010 அக்டோபரில் அதே கோல்டன் எழுதிய 'த ஷாட்டரிங்' வெளியானது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்கத்திலிருந்தே ஆட்டக்காரர்கள் நேரில் சந்தித்துப் பணிகள் வாங்கிவந்த கெய்ர்ன் என்ற முதியவன், எருதுமுகம் கொண்ட டாரன் இனத்தின் தலைவன், அந்த நாவலில் ஓர் இருவர் போரில், எதிரியின் கோடரியில் அவனுக்கே தெரியாமல் தடவப்பட்ட நஞ்சால் சாகிறான். காட்சி நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது விளையாட்டில் நடக்கவில்லை. நாவலை வாசிக்காத ஆட்டக்காரர், புதிய விரிவாக்கத் தொகுப்பை ஒட்டி விளையாட்டு மாறியதும் உள்ளே நுழைந்து, ஆறு ஆண்டுகளாகக் கெய்ர்ன் நின்ற இடத்தில் அவன் மகன் நிற்பதைக் கண்டார். மாதாமாதம் சந்தா கட்டி ஆடுபவர், தனக்குத் தெரிந்தவரின் சாவுச் செய்தியை இன்னொரு புத்தகத்துக்குக் காசு கொடுத்துத்தான் அறிய வேண்டுமா என்ற கோபம் நியாயமானது. பக்கவழியில் நடந்திருக்க வேண்டிய நாவல் இங்கே நெடுஞ்சாலையில் நடந்துவிட்டது. குற்றம் எழுதியவருடையதல்ல, எதை எங்கே சொல்வது என்று தீர்மானித்தவர்களுடையது.

காலியிடம் என்று நினைத்து நுழைந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் குடியிருப்பதும் உண்டு. அறிவியல் புனைவு வரிசையான மாஸ் எஃபெக்டின் நான்காவது நாவல் 'டிசெப்ஷன்' 2012இன் தொடக்கத்தில் வந்தது. முதல் மூன்றையும் விளையாட்டின் கதாசிரியர் ட்ரூ கார்பிஷின் எழுதியிருந்தார், நான்காவதை வில்லியம் டீட்ஸ் எழுதினார். முந்தைய நாவலொன்றில் ஆட்டிசம் உள்ள சிறுமியாக, மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டிருந்த ஜிலியன், இதில் அதன் சுவடே அநேகமாக இல்லாமல் வந்தாள். ரசிகர்கள் கூடி இத்தகைய பிழைகளைப் பக்கம் பக்கமாகத் தொகுத்து வெளியிட்டார்கள். விளையாட்டு நிறுவனமும் பதிப்பகமும் பிழைகளுக்கு வருத்தம் தெரிவித்து, பின்வரும் பதிப்புகளில் திருத்துவதாக அறிவித்தன. ஆவணம் இருந்தது, ஒப்புதல் முறை இருந்தது. ஆனால் வாசகரின் நினைவு அவை இரண்டையும்விடத் துல்லியமாக இருந்தது.

அந்த நினைவை நிறுவனமே நேரில் சந்தித்த ஒரு தருணம் 'த ஷாட்டரிங்' வெளியான அதே வாரத்தில் நிகழ்ந்தது. பிளிசார்ட் ஆண்டுதோறும் நடத்திவந்த ரசிகர் மாநாட்டில், வார்கிராஃப்ட் உலகின் கதை வரலாற்றுக்கான அமர்வில், சிவப்புச் சட்டை அணிந்த ஓர் இளைஞர் ஒலிவாங்கியின் முன் வந்தார். புது நாவலை வாசித்துவிட்டதாகவும், அதிலும் புதிய தொகுப்பின் முன்னோட்டத்திலும் குள்ளர்களின் மூவர் அவையில் வைல்ட்ஹாமர் குலத்தின் சார்பில் குர்ட்ரான் இருப்பதாகவும் சொல்லி, ஃபால்ஸ்டாட் என்ன ஆனார் என்று கேட்டார். 2001இல் ரிச்சர்ட் நாக் எழுதிய நாவலில் அவர் இறந்துவிட்டார் அல்லவா என்று மேடையிலிருந்து விடை வந்தது. இல்லை, அந்த நாவலில் அவர் பிழைத்துக்கொண்டார், விளையாட்டிலும் தொடக்கத்திலிருந்தே ஏரி பீக் என்ற ஊரில் தலைவராக நிற்கிறார் என்றார் இளைஞர். அவர் சொன்னது சரி. நிறுவனம் குர்ட்ரானை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபால்ஸ்டாடை அவையில் உட்காரவைத்தது. அயன்ஃபோர்ஜ் நகரின் அரியணைக் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் அன்றிலிருந்து சிவப்புச் சட்டை போட்ட ஒரு குள்ளன் நிற்கிறான். அவனுடைய பதவி, வைல்ட்ஹாமர் தகவல் சரிபார்ப்பாளர்.